வண்டிக்குப் பொறுப்பு இல்லை

பங்குனி பிறந்துவிட்டால் நெல்லியூரணியில் காற்றும் விரதம் பூண்டுவிடும். மாசி வரையில் வைப்பாற்றின் வெறும் மணலை அளைந்து திரிந்த அது, கொடியேற்றம் நெருங்க நெருங்க அசைவொழிந்து, ஊரின் நடுவே கண்மூடி அமர்ந்துகொள்ளும். கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்து வாய்திறந்து கிடக்கும். பட்டாசு ஆலைகளின் மேடைகளில் தாள்குழல்கள் உச்சிவெயிலை உண்டு உலரும். மை தாளில் படுமுன்னே காய்ந்துவிடுகிறதென்று அச்சக முதலாளிகள் குறைபடுவார்கள். இத்தனை வறட்சிக்கும் நடுவில் வேம்பு ஒன்றுதான் எவரிடமும் ஒப்புதல் பெறாமல் பூக்கும். பூத்ததைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் வீதியெல்லாம் சொரியும். அந்தப் பூவின் கசந்த மணம் பரவியதும் அம்மன் கண்விழித்துவிட்டாள் என்பது ஊரார் துணிபு. காப்புக் கட்டுவார்கள்; மஞ்சள் உடுத்துவார்கள்; வன்சொல் பழகிய வாய்களும் சில நாள் மென்சொல் பேசும். நிறைவாக அம்மன் தேரேறி நான்கு ரதவீதிகளிலும் உலா வருவாள்.

தெய்வங்களுக்கெல்லாம் ஊர்தி உண்டு. ஒருவருக்குக் காளை, ஒருவருக்கு மயில், அம்மனுக்குச் சிம்மம். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையில் கிடக்கும் நெல்லியூரணி நகராட்சிக்கு ஊர்தி இல்லையே என்று எந்தக் குடிமகனும் ஏங்கியதில்லை. எனினும் எவரும் கேளாத வரத்தை வலிய வந்து அருள்வது நகராட்சியின் திருவுளம். ஆகவே அந்தப் பங்குனியில், வீதி கூட்டிக் குப்பை வாருவதற்கென்று மின்சாரச் சுமைச் சைக்கிள்கள் சில வந்து இறங்கின. முன்புறத்தில் மக்கும் குப்பைக்கு ஒரு பச்சைப் பெட்டி, மக்காத குப்பைக்கு ஒரு நீலப் பெட்டி. இருக்கைக்குக் கீழே பேட்டரி. வேண்டும்போது மிதித்துக்கொள்ளப் பெடல். பார்வைக்கு நல்ல வண்டிகள்தாம். அவற்றின்மேல் இதுவரை எவரும் குறை கூறியதில்லை. இக்கதையிலும் அவற்றின்மேல் குறை இல்லை.

அவற்றுள் ஒன்று ராமுத்தாய்க்கு வாய்த்தது. ராமுத்தாய் கீழ ரதவீதியின் தூய்மைப் பணியாளர். கோயில் முற்றத்தைக் கூட்டுவதை அலகிடுதல் என்று முன்னோர் அழகாகச் சொன்னார்கள். அலகிட்டவர்களை அடியார் என்று வணங்கினார்கள். வீதியைக் கூட்டுகிறவர்களுக்கு அப்படியொரு பெயர் வைக்க மறந்துபோனார்கள். ராமுத்தாய்க்கு அதில் மனக்குறை ஏதும் இல்லை. அவள் பணிக்கு வந்த நாள் முதலாக, அம்மன் தேர் கீழ ரதவீதிக்குள் திரும்பும்போது அந்த வீதி அவள் கூட்டிய வீதியாகவே இருந்திருக்கிறது. அவளுக்கு அது போதும்.

கொடியேறிய மறுநாள், தொடக்க விழா கோயில் வாசலிலேயே நடந்தது. தலைமை தாங்கியவர் நகராட்சி ஆணையர் ராஜபாண்டியன். முழுமையாகச் சொல்வதானால், ஆணையர் (பொறுப்பு) ராஜபாண்டியன். முன்னிருந்தவர் மாறுதலில் போய்விட, அடுத்தவர் வரும்வரை இருக்கையைக் காக்க அமர்த்தப்பட்டவர். அவருடைய பெயர்ப்பலகையில் ‘ஆணையர்’ என்னும் சொல் முழ நீளத்துக்கு இருந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்த ‘பொறுப்பு’ எறும்பு ஊர்ந்த தடம்போல் இருந்தது. தமிழ்ப்பற்றில் அவர் மலை. கோப்பில் ஓர் ஆங்கிலச் சொல் தென்பட்டால், சோற்றில் கல் கடித்தவர்போல் முகம் சுளித்து, அச்சொல் தமிழாகும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார்.

“பெருமக்களே!” என்று அவர் தொடங்கினார். “இவ்வூர்தி புகை கக்காது. இரைச்சல் இடாது. விடுப்புக் கேட்காது. ஊதிய உயர்வு கேட்காது. கொடி பிடித்து வாயிலில் அமராது. நான் சொன்னதைக் கேட்கும். நான் சொல்லாதவிடத்து அசையாது. என் பணிக்காலம் முழுவதும் நான் தவமிருந்து தேடிய ஊழியர் இவரே!”

கைதட்டல் எழுந்தது. தூய்மைப் பணியாளர்களும் தட்டினார்கள். தட்ட வேண்டிய இடம் அதுவென்று சுகாதார ஆய்வாளர் லட்சுமிகாந்தம் முன்வரிசையிலிருந்து சாடை காட்டினார்.

“தேர்த்திருநாள் அன்று,” என்று ஆணையர் குரலை உயர்த்தினார், “அம்மன் தேருக்கு முன்னே நம் மின்னூர்தி செல்லும். அன்று ஏதேனும் ஒரு வீதியில் ஒரு துரும்பு கிடந்தாலும், அவ்வீதிக்கு உரியவர் மறுநாள் அவ்வீதியில் இருக்க மாட்டார். உரக்கிடங்கில் இருப்பார். இது கண்டிப்பன்று, கனிவு. குப்பையிலிருந்து உங்களை விடுவிப்பதே இத்திட்டத்தின் நோக்கம்.”

குப்பையிலிருந்து விடுவித்து, ஊர்க் குப்பையெல்லாம் குவியும் உரக்கிடங்குக்கு அனுப்புவது எவ்வகையில் விடுதலை என்பது ராமுத்தாய்க்கு விளங்கவில்லை. ஆயினும் கீழ ரதவீதி தன் கையைவிட்டுப் போகக்கூடும் என்பது மட்டும் விளங்கியது. 

பட்டாசு விளையும் பூமியில் வெடியின்றி நல்ல காரியம் இல்லை. கோயிலிலிருந்து பூக்கடை வரை சரவெடி விரித்துக் கொளுத்தினார்கள். புகை கக்காத வண்டி புகைக்குள் மறைந்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் காட்சி தந்தது. வீதி முழுவதும் செந்தாள் முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. ஆக, அந்த வண்டிக்கு வாய்த்த முதற் குப்பை அதன் தொடக்க விழாவே.

ராமுத்தாய் மாலை சூட்டிய வண்டியில் ஏறி அமர்ந்தாள். வண்டி பூக்கடை வரை சென்றது. படம் எடுப்பவர் படம் எடுத்து முடித்தார். வண்டியும் தன் கடமை முடிந்ததென்று நின்றுவிட்டது.

“என்னக்கா, நடுரோட்டுல நின்னு சாமி கும்பிடுதா?” என்றாள், மேல ரதவீதி கூட்டும் நாகஜோதி.

“சார்ஜ் இல்ல போலடி.”

“ஆத்தா கொடுத்து வச்சவ யக்கா. சிங்கத்துக்குச் சார்ஜ் போட்டு நான் பாத்ததே இல்ல.”

ராமுத்தாய் வண்டியை ஓரம்கட்டிவிட்டு லட்சுமிகாந்தத்திடம் போனாள்.

“சார், வண்டியில சார்ஜ் இல்ல.”

“சரிம்மா, எழுதி அனுப்புறேன்.”

“எழுதுனா ஏறுமா சார்?”

“எழுதாம இந்த ஆபீஸ்ல எதுவுமே ஏறாது.”

எழுதினார். ஆனால் ‘சார்ஜ்’ என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும். ஆகவே அலுவலகத்தில் அச்சொல்லுக்கு வழங்கும் தமிழைத் தேடினார். அங்கே சார்ஜ் என்றால் ஒன்றுதான்: ஒருவர் மாறிப் போகும்போது ஒப்படைப்பது, மற்றவர் வரும்போது ஏற்பது. அவர் பணியில் சேர்ந்தது முதல் அந்தச் சார்ஜைத் தவிர வேறு சார்ஜைக் கண்டதில்லை. எனவே தெளிந்த கையெழுத்தில், ‘வண்டிக்குப் பொறுப்பு இல்லை’ என்று எழுதி மேலே அனுப்பினார்.

அந்தத் தொடர் ஆணையரின் நெஞ்சைத் தைத்தது. அடைப்புக்குறிக்குள் வாழ்பவருக்குத்தான் அச்சொல்லின் வலி தெரியும். ஒரு வண்டிக்கும்கூடவா இந்த நிலை என்று இரங்கி, ஓரத்தில் பச்சை மையால் எழுதினார்: ‘எந்த ஊர்தியும் பொறுப்பின்றி நிற்றல் நிர்வாகத்துக்கு இழுக்கு. உடனே பொறுப்பு வழங்குக.’

மறுநாளே வழங்கப்பட்டது. வண்டியின் கூடுதல் பொறுப்பு லட்சுமிகாந்தத்துக்கு அளிக்கப்பட்டது. பொறுப்பேற்பு விழாவுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அலுவலக வாசலில் நிறுத்தினார்கள். அவருக்கு ஒரு மாலை, வண்டிக்கு ஒரு மாலை. அனைவருக்கும் தேநீரும் காராச்சேவும். காராச்சேவு சுற்றி வந்த தாள்களைக் குப்பைப் பெட்டியில் இட வேண்டாமென்றும், அதில் மாலை இருக்கிறதென்றும் அறிவித்தார்கள்.

“சார்ஜ் வந்துருச்சா சார்?” என்று ஆவலோடு கேட்டாள் ராமுத்தாய்.

“நான்தான்மா சார்ஜ் எடுத்திருக்கேன்.”

“நீங்க எடுத்துட்டீகளா? அப்ப வண்டிக்கு?”

“வண்டிக்கும் சேத்துத்தான் எடுத்திருக்கேன்.”

“எடுத்துக்கிட்டா எப்படி சார்? குடுக்கணும்லா?”

லட்சுமிகாந்தம் பெருமூச்சு விட்டார். “குடுக்குற அதிகாரமெல்லாம் எனக்குக் கெடையாதும்மா. நான் எடுக்க மட்டுந்தான் முடியும்.”

அன்று வீட்டில், பட்டாசு ஆலையில் லோடு ஏற்றிவிட்டு வந்திருந்த கணவன் கோட்டைச்சாமியிடம் அவள் முறையிட்டாள். “வண்டிச் சார்ஜ இன்ஸ்பெக்டர் எடுத்துக்கிட்டாராம்ங்க. அவரே சொல்லுதாரு.”

கோட்டைச்சாமி கைகழுவுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். “அம்புட்டையுமா?”

“மாலை போட்டு எடுத்துக்கிட்டாரு.”

“அவரு வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கும்த்தா. நீ ஒண்ணும் கேக்காத. பெரிய எடத்து வெவகாரம்.”

சார்ஜ் என்பது சுவரிலிருந்து வருவது என்னும் உண்மையைப் பின்னர் எப்படியோ லட்சுமிகாந்தமே கண்டடைந்தார். வண்டியோடு வந்த ஒயரும் அதன் முனையும் அவருக்கு அந்த ஐயத்தை விளைவித்தன. ஆணையரிடம் சென்று பணிவோடு தெரிவித்தார். ஆணையர் திடுக்கிட்டார். இது பட்டாசு மண்டலம். ஆலைக்குள் நுழையும் பெண்கள் செம்புத் தகட்டில் கைவைத்து உடம்பின் மின்னை இறக்கிவிட்டே அடியெடுத்து வைக்கும் ஊர். இங்கே நடுவூரில் ஒரு வண்டிக்கு மின்னை ஏற்றுவதா? உடனே ஒரு பாதுகாப்புக் குழு அமைந்தது. குழு வண்டியைச் சுற்றி வந்தது. செல்பேசியை வெளியே வைத்துவிட்டு மீண்டும் சுற்றி வந்தது. முன்னெச்சரிக்கையாக வண்டியின் கைப்பிடியைச் செம்புத் தகட்டில் தொடவைத்து, அதில் எஞ்சியிருந்த மின்னையும் இறக்கியது. பிறகு, ஊருக்கு வெளியே, வெம்பக்கோட்டைச் சாலையில் இருக்கும் உரக்கிடங்கில் மட்டுமே மின்னேற்றலாம் என்று தீர்ப்பளித்தது.

சார்ஜ் இல்லாத வண்டி அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? டீசல் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிடங்கில் மின் இணைப்பு இல்லை. டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வரவழைத்தார்கள். ஏற்றிய வண்டியை டிராக்டரிலேயே திரும்பக் கொண்டுவரலாமே என்று டிராக்டர் ஓட்டுநர் கேட்டார். அவருக்கு ஆணையர் தந்த விடை நகராட்சி உள்ளளவும் நிற்கத்தக்கது:

“தன் சொந்த மின்னில் திரும்பி வராவிட்டால், அது மின்னூர்தி என்பதற்கு என்ன சான்று?”

ஆகவே நாள்தோறும் வண்டி ஒரு திருத்தலப் பயணம் மேற்கொண்டது. காலையில் டிராக்டரில் புறப்படும். கிடங்கில் புகை சூழ மின் பெறும். ராமுத்தாய் அதை ஓட்டிக்கொண்டு வெயிலில் திரும்புவாள். கீழ ரதவீதியின் முனையில் நுழைந்ததும், தலத்தைத் தரிசித்துவிட்ட நிறைவோடு அது நின்றுவிடும். ‘இவ்வூர்தி இன்றுவரை ஒரு துளி எரிபொருளும் அருந்தவில்லை’ என்று ஆணையர் மேலிடத்துக்கு எழுதினார். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

நின்ற வண்டியை வைத்துக்கொண்டு ராமுத்தாய் சும்மா இருக்கவில்லை. பெடல் இருக்கிறதே என்று மிதித்தாள். வண்டி ஓடியது. விளக்குமாற்றால் கூட்டி, இரு பெட்டிகளையும் நிரப்பி, மிதித்துக்கொண்டே போனாள். “இம்புட்டு லேசா இருக்கே, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா!” என்று நாகஜோதியும் தன் வண்டியை மிதிக்கத் தொடங்கினாள். இரண்டு நாள் கீழ ரதவீதியும் மேல ரதவீதியும் பளிச்சென்று இருந்தன. ஊரார் மகிழ்ந்து, ராமுத்தாய் மிதிப்பதைப் படமெடுத்துப் பாராட்டிப் பரப்பினார்கள். படம் ஆணையரின் கண்ணில் பட்டது.

“மிதிப்பதா!” என்று அவர் கொதித்தெழுந்தார். “மின் திட்டத்தின் முகத்திலேயே மிதிப்பது இது. காலால் ஓட்டுவதற்கு ஆணையர் எதற்கு?”

பெடல்கள் கழற்றப்பட்டன. அத்தோடு நில்லாமல், நெல்லியூரணி மின்மயத் தூய்மை நகரம் என்று அறிவிக்கப்பட்டது. மின்சாரத்தால் இயங்காத துப்புரவுக் கருவி எதுவும் வெளியே தெரியக்கூடாதென்று விளக்குமாறுகளும் தள்ளுவண்டிகளும் பெடல்களோடு சேர்த்துப் பண்டக அறையில் வைத்துப் பூட்டப்பட்டன. சாவி லட்சுமிகாந்தத்தின் இடுப்பில் ஏறியது.

இதற்குள் திருவிழாக் கடைகள் விரிந்துவிட்டன. இளநீர்க் கூடும் நுங்குக் கூடும் வாழையிலையும் வாடிய மாலையும் வீதியில் அடைந்தன. ராமுத்தாய் கையாலேயே பொறுக்கினாள். முந்தானையில் கட்டிக்கொண்டு போய்க் கொட்டினாள். அவள் ஒரு முனையைக் கடப்பதற்குள் மறுமுனை நிறைந்தது. தேருக்கு முந்தின நாளும் வந்தது. கீழ ரதவீதி செத்தைக் காடாகக் கிடந்தது.

அன்று காலை அலுவலகப் பணியாளர் அய்யாதுரை சைக்கிளில் விரைந்து வந்தார். “ராமுத்தாய்! ஒனக்கு சார்ஜ் வந்திருக்கு. ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோ!”

ராமுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. வேப்பமரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். “ஏட்டி நாகஜோதி, வாடி, ஒரு கை பிடி!” என்று அழைத்து, பெடல் இல்லாத வண்டியை இருவருமாக ஏறுவெயிலில் உருட்டிக்கொண்டு நகராட்சி வாசலில் சேர்த்தார்கள். அவள் இருக்கையைத் தூக்கி, பேட்டரியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆயத்தமாக நின்றாள்.

லட்சுமிகாந்தம் வெளியே வந்து ஓர் உறையை நீட்டினார்.

ராமுத்தாய் அதை வாங்கி இப்புறமும் அப்புறமும் திருப்பினாள். “இத எங்கன சார் சொருகணும்?”

“சொருகுறது இல்லம்மா. கையெழுத்துப் போட்டு வாங்குறது. சார்ஜ் மெமோ. ஒம்மேல குத்தம் சாட்டியிருக்கு.”

நாகஜோதி அதைப் பிடுங்கி உரக்கப் படித்தாள். ‘பொறுப்பு வழங்கப்பட்ட ஊர்தியைத் தம் பொறுப்பில் வைத்திருந்தும், அதைப் பொறுப்புடன் இயக்காமல், அதன் பொறுப்பு அலுவலருக்குப் பொறுப்பற்ற முறையில் விடையளித்து, கீழ ரதவீதியைக் குப்பையாக வைத்திருக்கும் தாங்கள், அவ்வீதியிலிருந்து நீக்கப்பட்டு உரக்கிடங்குக்கு ஏன் அனுப்பப்படக் கூடாது? நேரில் வந்து விளக்கம் தருக.’

“யக்கா,” என்றாள் நாகஜோதி மெல்ல, “இத்தன பொறுப்ப இவுக எங்கன வச்சிருந்தாக?”

ராமுத்தாய் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பேட்டரியின் மூடியை மூடிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆணையரின் அறை மார்கழிபோல் இருந்தது. வழக்கம்போல் லட்சுமிகாந்தம் சுவரோரமாகக் கைகட்டி நின்றார்.

“அம்மையே, உமக்குப் பொறுப்பு இருக்கிறதா, இல்லையா?” என்று தொடங்கினார் ஆணையர்.

“எனக்கு இருக்குங்கய்யா. வண்டிக்குத்தான் இல்ல.”

“வண்டிக்கு நான் வழங்கிவிட்டேன்!”

“அத சார் எடுத்துக்கிட்டாருங்கய்யா.”

லட்சுமிகாந்தம் கூரையைப் பார்த்தார்.

ராமுத்தாயின் கண் சுவரில் ஓரிடத்தில் நிலைத்தது. “ஐயா, அந்தா ஒரு பிளக்கு இருக்கே. அதுல செத்த நேரம் சொருகிக்கிடவா? நாளைக்குத் தேருங்கய்யா.”

“அது குளிர்சாதனத்துக்குரியது. அதில் வண்டியைச் செருகிவிட்டால், ஆணையர் எதில் இருப்பது?”

“அப்பம் அந்த வெளக்குமாத்தையாச்சும் குடுங்க. விடியிறதுக்குள்ள கூட்டிருவேன். கீழ ரதவீதிய மட்டும் எங்கிட்ட இருந்து எடுத்துராதீக ஐயா. நான் கூட்டாம ஆத்தா தேரு அந்த வீதிக்குள்ள திரும்புனதில்ல.”

 ஆணையர் இளகவில்லை, விளக்கினார்.

“தேர் வருவது கோயிலின் பொறுப்பு. வீதி நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. குப்பை போடுவது பொதுமக்களின் பொறுப்பு. போட்ட குப்பை கிடப்பது உமது பொறுப்பு. இவற்றைக் குறித்துக் கூட்டம் கூட்டுவது ஒன்றே எனது பொறுப்பு. அதை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. விளக்குமாறு தர இயலாது. நாளை முதல் நீர் உரக்கிடங்கில்…”

அப்போது அய்யாதுரை தபாலோடு உள்ளே வந்தார். மேலே இருந்த உறையை ஆணையர் பிரித்தார். படித்தார். மீண்டும் படித்தார். அவருடைய தூய தமிழ் அவரைவிட்டு அகன்றது.

“ஏலே அய்யாதுரை, கொஞ்சம் தண்ணி கொண்டாலே.”

கடிதத்தை லட்சுமிகாந்தம் எட்டி வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் அவர் செய்த முதல் வேலை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. இரண்டாவது வேலை, குளிர்சாதனத்தை அணைத்தது.

“என்னாச்சு சார்?” என்றாள் ராமுத்தாய்.

“ஐயாவோட பொறுப்ப ரத்து பண்ணிட்டாக. புது ஆணையர் அடுத்த வாரம் வாறாரு. ஆர்டர் கொடியேத்தத்துக்கு முன்னாடியே போட்டாச்சு. தபால்ல இன்னைக்குத்தான் வந்திருக்கு.”

“ஐயாவுக்குமா சார்ஜ் எறங்கிருச்சு?” என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டாள் அவள்.

லட்சுமிகாந்தம் விரல்களைக் கோத்துக்கொண்டு சாய்ந்தார். பல்லாண்டு கோப்புகளில் ஊறிய அறிவு அவர் முகத்தில் ஒளிவிட்டது. “தேதியப் பாத்தா, கொடியேத்தத்துல இருந்து ஐயாவுக்குப் பொறுப்பு கெடையாது. பொறுப்பு இல்லாதவர் செஞ்சது எதுவும் செல்லாது. ஒம்மேல போட்ட சார்ஜும் செல்லாது.”

“அப்பம் நான் உரக்கிடங்குக்குப் போக வேண்டாமா?”

“ஒன்ன யாரும் போகவே சொல்லலியே.”

“சார், வண்டிக்கு நீங்க சார்ஜ் எடுத்தது?”

“எடுக்கல.” இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சிறு துயரம்.

“தொடக்க விழா?”

“நடக்கல. புது ஆணையர் வந்து நடத்துவாரு.”

“அப்ப வண்டி?”

“இன்னும் வரல.”

எல்லோரும் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். இன்னும் வராத வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. நாகஜோதி அதன்மேல் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தாள்.

“சார்,” என்றாள் ராமுத்தாய் தயங்கியபடி, “வெளக்குமாத்தப் பூட்டுனது?”

“அதுவும் நடக்கல.”

“நடக்கலேன்னா பூட்டு எப்படி சார் தொங்குது?”

லட்சுமிகாந்தம் சிறிது சிந்தித்தார். “பூட்டு இருக்கு. பூட்டுனதுதான் இல்ல.” இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “தொறக்கச் சொல்லி நான் சொல்லல. பூட்டாதத யாரும் தொறக்க முடியாது. நீ போய் எடுத்துக்கோ.”

ராஜபாண்டியன் வியர்த்துக் கொட்டியபடி எழுந்தார். “அய்யாதுரை, ஜீப்ப எடுக்கச் சொல்லு.”

“ஜீப்பு ஆணையருக்குங்க சார்,” என்றார் அய்யாதுரை, மிகுந்த வருத்தத்தோடு.

அன்று பிற்பகல் விளக்குமாறுகளோடு பெடல்களும் வெளிவந்தன. சைக்கிள் கடைக்காரர் ஒரு ஸ்பானரோடு வந்து, வராத வண்டிகளுக்கு அவற்றை மாட்டிக் கொடுத்தார். அந்த வண்டிகள் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாக ஓடியதில்லை. நான்கு ரதவீதிகளின் பெண்களும் சேர்ந்து கூட்டினார்கள். பச்சைப் பெட்டி நிறைய இலையும் மாலையும், நீலப் பெட்டி நிறைய நெகிழியும் போய்க்கொண்டே இருந்தன. “மிதிடி, மிதி! இன்னைக்கு நீ மிதிக்கிறது எதுவும் நடக்கல!” என்று நாகஜோதி சிரித்துச் சிரித்துப் பெடல் மிதித்தாள். மறுநாள் தேர்வடம் தொடும் நேரத்தில், கீழ ரதவீதியின் கடைசித் திருப்பம் ஒன்றுதான் எஞ்சியிருந்தது. தேருக்காக ஊர் முழுதும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மேளம் வடக்கே கேட்டது.

அந்த வழியாக ராஜபாண்டியன் கையில் பெட்டியோடு நடந்து வந்தார். திருவிழாவுக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியே திருப்பியிருந்தார்கள். அந்த ஆணையில் கையெழுத்திட்டவர் அவர்தாம். ராமுத்தாயைக் கண்டதும் நின்றார். அவளும் தூசி அவர்மேல் படாமல் விளக்குமாற்றைத் தாழ்த்தினாள்.

“ஐயா, செத்தத் தள்ளி நில்லுங்க. அந்த எடம் பாக்கி.”

அவர் விலகினார். பிறகு என்ன நினைத்தாரோ, காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

“எந்த ஊருங்கய்யா போட்டிருக்காக?”

“இன்னும் போடலம்மா. காத்திருக்கச் சொல்லியிருக்காக.”

அவள் அந்த இடத்தையும் கூட்டி முடித்தாள். செம்பிலிருந்த மஞ்சள் நீரைக் கையால் அள்ளித் தெளித்தாள். விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, ஈரம் பட்ட அந்த மண்ணில் முழந்தாளிட்டாள். இரு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.  வேம்பு இரண்டு பூக்களை அவள் முதுகில் உதிர்த்தது. வடக்கு முனையில் தேர்ச் சக்கரம் ஒருமுறை முனகி, வீதிக்குள் திரும்பியது.

அவள் எழுந்து, ஈரமண் ஒட்டிய கைகளைக் கூப்பியபடியே அவர் பக்கம் திரும்பினாள்.

“போயிட்டு வாங்கய்யா. ஆத்தா ஒங்களக் கைவிட மாட்டா. போற ஊர்ல ஒங்களுக்குன்னும் ஒரு வீதி கெடைக்கட்டும்.”